டோ பாருக்கு வயரிங் தேவையா?

பிரிட்டனில் கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், கார்களுக்குப் பின்னால் கேரவன்களும் டிரெய்லர்களும் வரிசை கட்டும். இவற்றை இழுப்பதற்காகக் காரின் பின்புறம் பொருத்தும் இரும்புக் கொக்கிதான் டோ பார். ஆனால் கொக்கியை மாட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. காரில் பிரேக் லைட் எரிந்தால் டிரெய்லரிலும் எரிய வேண்டுமே! அதற்குத் தனி வயரிங் வேண்டும். செலவைக் கேட்டதும் பலர் பின்வாங்குவது இங்கேதான்.

"சைக்கிள் மாட்டத்தானே டோ பார்? அதற்கு எதற்கு வயரிங்?" என்பது இவர்களின் வழக்கமான வாதம். ஆனால் மூன்று நான்கு சைக்கிள்களை மாட்டினால் காரின் பின் விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறைந்துவிடும். மறைத்துக்கொண்டு ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். அதனால் சைக்கிள்களுக்குப் பின்னால் விளக்குப் பலகை ஒன்றைக் கட்ட வேண்டும். அந்த விளக்குகளுக்கு மின்சாரம்? அதே வயரிங்கிலிருந்துதான்!

சரி, எந்த வயரிங்? பழைய கார்களில் விளக்கு வயரிலிருந்தே இணைப்பு எடுத்துவிடலாம். இன்றைய கார்களில் பல்பு எரிகிறதா என்பதைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. அந்த வயரில் கூடுதல் விளக்குகளைச் சேர்த்தால் அது குழம்பிப் போகும். இதற்கு வழி பைபாஸ் ரிலே. காரின் வயரிலிருந்து சைகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து எடுக்கும். விலையும் குறைவு.

குறை ஒன்று உண்டு. பின்னால் டிரெய்லர் இருப்பது காருக்கே தெரியாது! ரிவர்ஸ் எடுத்தால் பார்க்கிங் சென்சார் டிரெய்லரைப் பார்த்தே கத்தும். டிரெய்லர் ஆட்டம் போட்டால் அதைக் கட்டுப்படுத்தும் வசதி சில கார்களில் இருக்கிறது. அதுவும் விழித்துக்கொள்ளாமல் போகலாம். அந்தக் காருக்கென்றே தயாரான வயரிங் என்றால் கம்ப்யூட்டருக்குத் தகவல் போய்விடும். ஆனால் விலை அதிகம். பல கார்களில் கம்ப்யூட்டரிலும் மாற்றம் செய்ய வேண்டியிருக்கும்.

ஆக, சைக்கிளுக்கும் சின்ன டிரெய்லருக்கும் பைபாஸ் ரிலே தாராளமாகப் போதும். கேரவன் இழுப்பவர் காருக்கென்றே உள்ளதைப் போடுவதே புத்திசாலித்தனம். வயரிங்கே வேண்டாம் என்பது மட்டும் யாருக்கும் பொருந்தாத முடிவு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் பெற்றவர்களும் தனித் தேர்வு எழுதாமலே 3500 கிலோ வரை இழுக்கலாம் என்று 2021 டிசம்பர் 16-ல் அங்கே விதி தளர்ந்தது. அதாவது, அனுபவமில்லாத கைகளிலும் பெரிய டிரெய்லர்கள் வரும்.

டிரெய்லர் விளக்கு ஓட்டுபவரின் கண்ணுக்குப் படுவதே இல்லை. மழை இரவில் பின்னால் வருகிற முகம் தெரியாத யாரோ ஒருவர் அதை நம்பித்தான் பிரேக்கை மிதிக்கிறார். மிச்சம் பிடிக்கும் பணம் ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது என்றால் அதற்குப் பெயர் சிக்கனமா?