மூக்கும் நாக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் செஞ்சி கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்ததுதான் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் தங்கை பேத்தி சென்னையில் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டாள். நோய்க்காக இல்லை, அழகுக்காக. சின்ன வயசிலிருந்து அவள் மூக்கை வைத்துப் பட்டப்பெயர் கட்டியது நம் வீட்டு ஆட்கள்தான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சொன்னால் திட்டுவோம் என்று பயந்து, "சைனஸ்" என்று பொய் சொல்லிவிட்டுப் பத்தாம் நாளே கல்யாணத்துக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவளைப் பந்தியில் பரிமாறச் சொன்னோம். வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தாள். வீக்கத்தை மறைக்க, போடக்கூடாத மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ராத்திரி தளவானூர் வீட்டில் குழந்தைகளுக்கு நடுவே தலையணைகூட இல்லாமல் பாயில் படுத்தாள். விடியற்காலை பார்த்தால் பாயெல்லாம் ரத்தம். அண்ணாந்து படு என்கிறார் ஒருவர், மூக்கை நன்றாக அழுத்திப் பிடி என்கிறார் இன்னொருவர். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள்தான் இறங்கும். எலும்பு கூடாத மூக்கை இஷ்டத்துக்கு அழுத்தவும் கூடாது. அவளை நிமிர்ந்து உட்காரவைத்துக் காரில் கூட்டிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தை நிறுத்திய டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பொண்ணைக் கூட இருந்து பார்த்துக்கிறது யாரு?" ஏழு பேர் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வகுப்பில் மைசூர்ப் போர்கள் நடத்தும்போது கவாஸ்ஜி கதை சொல்வேனே, பழைய பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். ஆங்கிலப் படையில் மாட்டு வண்டி ஓட்டியவர். 1792-ல் முடிந்த போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தார். பிறகு பூனா பக்கத்தில் செங்கல் சூளை வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை எடுத்துத் திருப்பி அவருக்குப் புது மூக்கு வைத்தார். லண்டன் பத்திரிகையில் 1794 அக்டோபரில் படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். நம் ஊர் வித்தை சீமைக்குப் போனது என்று பெருமையாகச் சொல்லி அந்தப் பாடத்தை முடித்துவிடுவேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அந்தக் குறிப்பில் அறுத்தது எவ்வளவு இருக்கிறதோ, அறுத்தபின் பார்த்துக்கொண்டதும் அவ்வளவு இருக்கிறது. வெற்றிலைக்குப் போடுகிறோமே காசுக்கட்டி, அதைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார்கள். நாலு நாள் அதைத் தொடவில்லை. பிறகு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்கை. பத்தாம் நாள், துவாரம் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணித்துண்டு. 25-ம் நாள் வாக்கில்தான் நெற்றியோடு விட்டுவைத்திருந்த தோலை அறுத்துவிட்டார்கள். ஒரு கை இல்லாத மனுஷனுக்கு அந்த 25 நாளும் யாரோ கூட இருந்து செய்திருக்க வேண்டும். அவர் பெயர் எதிலும் இல்லை.

நம் பிள்ளைக்குப் பத்தாம் நாள் பந்தி வேலை!

போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மருமகள் மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றவிடவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கிற ஊர் இது. மூக்கு என்றதும் அந்தப் பண்பு எங்கே போனது? "அழகுக்குத்தானே பண்ணிக்கிட்டா, அனுபவிக்கட்டும்" என்றார் ஒரு பெரியவர். ஆறுகிற புண்ணுக்கு அழகும் நோயும் தெரியாது ஐயா.

அந்த ஆபரேஷன் தேவைதானா என்று கேட்டால், எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அந்த மூக்கு என் அம்மாவின் மூக்கு. ஆனால் அந்தப் பேச்சை முன்னாடியே பேசியிருக்க வேண்டும். அவள் அதைச் சொல்கிற மாதிரி நாம் நடந்துகொள்ளவில்லை.

டாக்டர் சொன்னதில் முக்கியமானதை எழுதிவிடுகிறேன், இன்னொரு வீட்டுக்கு உதவும். கொஞ்ச நாளைக்குத் தலையணை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து பாரம் தூக்கக்கூடாது. மூக்கின் மேல் கண்ணாடி சில வாரங்களுக்கு உட்காரக்கூடாது. வலி மாத்திரை கேட்காமல் போடக்கூடாது, ஆஸ்பிரின் மாதிரி சிலவற்றால் ரத்தக் கசிவு கூடும். ரத்தம் நிற்காவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்தாலும், நுனி முழுசாக அமைய ஒரு வருஷம்கூட ஆகலாம். இரண்டாம் வாரத்திலேயே "இதுக்கா இவ்ளோ காசு?" என்று கேட்ட அத்தைமார்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

அவள் இன்னும் இரண்டு வாரம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். லேப்டாப்பில் ஆபீஸ் வேலை நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். மஞ்சள் பத்து, ஆவி பிடிப்பது என்று வைத்தியம் எதுவும் கொண்டுவர வேண்டாம். குழந்தைகளை அவள் மடியில் ஏற்ற வேண்டாம். மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.