தீர்மானம் என்றொரு மனு

மதுக்கடைக்கு எதிராகப் பெண்கள் சாலையில் அமர்ந்தால், அதை 'ஒழுக்கவாதம்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுவது நம் சிற்றிதழ் வட்டாரத்தில் நெடுநாளாக நிலவிவரும் ஒரு மோஸ்தர். அதியமானையும் ஔவையையும் உடனே துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். சங்கப் பாடல்களை இருபதாண்டுகளாக வகுப்பறையில் நடத்திவரும் நமக்கு அந்தக் கள்ளின் மீது எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அதியமான் கடை நடத்தவில்லை; விற்பனை வருவாயை நம்பி அரசாளவுமில்லை. குடிப்பது சரியா தவறா என்பதன்று நம் வழக்கு. ஓர் ஊரில் கடை இருக்கலாமா என்பதை யார் முடிவு செய்வது என்பதே வழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் 2ஆம் நாள், சொந்த ஊரின் கிராமசபையில் அமர்ந்திருந்தோம். பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள மதுக்கடையை அகற்ற வேண்டுமென்று பெண்கள் எழுந்து நின்று கேட்டார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டி, மே 1ஆம் நாள் எழுதிய வாசகத்தையே வரி பிசகாமல் பெயர்த்தெழுதினார். அதற்கு முந்தைய ஜனவரி 26ஆம் நாளிலும் அதே வாசகம்தான். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். "மேலே அனுப்புகிறோம்" என்றார் பற்றாளர். "மேலேன்னா எங்கே சாமி?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். சபை சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவருக்கான விடை 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில்தான் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடைக்கு இடம் பார்ப்பது நிறுவனம். உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் என்று விதி அளந்து வைத்திருக்கிறது. ஊர் எதிர்த்தால் ஆட்சியர் கேட்கலாம், ஆராயலாம், முடிவு அவருடையதே. 1992இன் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கெனப் பட்டியலிட்ட 29 பொருள்களில் மது விற்பனை இல்லை. ஆகவே சபை நிறைவேற்றுவது தீர்மானமன்று, மனு. தீர்மானிக்கும் உரிமையே இல்லாதவர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் கைநாட்டு வைத்த தாளுக்குத் 'தீர்மானம்' என்று பெயரிடுவது தமிழ் மொழிக்கும் செய்யப்படும் அநீதி. உத்திரமேரூர்க் குடவோலையை மேடைதோறும் போற்றுகிறவர்கள்தாம் (அது பிராமணச் சபை என்பது வேறு கதை) இதையும் செய்கிறார்கள்.

கடைகள் மூடப்பட்டதே இல்லையா? மூடப்பட்டன. 2016இல் 500, 2017இல் 500, 2023இல் 500. எல்லாமே கோட்டையிலிருந்து வந்த அறிவிப்புகள். எந்தக் கடை, எந்த ஊர் என்பதையும் அரசே தேர்ந்தெடுத்தது. 2017இல் உச்ச நீதிமன்ற ஆணையால் நெடுஞ்சாலைக் கடைகள் அகற்றப்பட்டபோது, அவை ஊர்களுக்குள் இடம் தேடின. அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணொருவரைக் காவல் அதிகாரி அறைந்த காட்சியைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதற்கு ஈராண்டு முன், 2015 ஜூலை 31 அன்று, உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரிழந்தார். ஒரு கடையின் இடத்தை மாற்ற ஒரு முதியவர் கோபுரம் ஏற வேண்டியிருந்த நாட்டில் உள்ளாட்சி என்பது எந்தப் பொருளில் வழங்குகிறது?

மாற்று வழி இல்லாமலில்லை. ராஜஸ்தானில் 1975 முதலே அதற்கு விதியுண்டு. வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேண்டாமென்று வாக்களித்தால் கடையை மூட வேண்டும். 2016 மார்ச்சில் ராஜ்சமந்த் மாவட்டத்துக் கச்சாபலி ஊராட்சி அவ்வாறே வாக்களித்துத் தன் கடையை மூடியது. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996இன் பெசா சட்டமும் மதுவைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராமசபைக்கு அதிகாரமளிக்கச் சொல்கிறது. தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் இல்லாததால் நம் மலையூர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. கேரளத்திலோ, உள்ளாட்சிகளிடம் இருந்த அனுமதி அதிகாரத்தை 2017இல் இடது முன்னணி அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அதிகாரப் பரவலாக்கத்துக்கு இந்தியாவே உதாரணம் காட்டும் மாநிலம் அது! 2023-24இல் டாஸ்மாக் ஈட்டித்தந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியதை நினைத்தால், நம் அரசுகளின் தயக்கம் விளங்காமலில்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்தில்தான்.

நம்மைத் தயங்கவைக்கும் மறுப்பு வேறொன்று. தலித் நண்பர்கள் எழுப்புவது அது. ஊர்ச்சபை என்றால் யாருடைய சபை? ஊர்த்தெரு வேண்டாமென்ற கடை, காலனிக்குச் செல்லும் பாதையில் போய் உட்கார்ந்ததை நாமே கண்டிருக்கிறோம். சபையில் கையுயர்த்திச் சொல்லும் முறை இருக்கும்வரை, நிலவுடைமையாளரின் முகம் பார்த்தே கை உயரும். இதில் நண்பர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் இன்றைய ஏற்பாடு காலனியைக் காத்ததா? காலனி முகப்பில் கடை வைத்த உரிமமும் ஆட்சியர் தந்ததுதானே? எனவே நாம் கேட்பது கையுயர்த்தும் சபையின் தீர்ப்பை அன்று. கச்சாபலியில் நடந்ததுபோல் மறைவாக வாக்களிக்கும் உரிமையை. அதுவும், கடை எந்தக் குடியிருப்பையொட்டி அமைகிறதோ அந்தக் குடியிருப்பின் பெண்களில் பெரும்பான்மையினர் இசையாமல் உரிமம் கூடாது என்ற நிபந்தனையோடு. மூடும் கடைக்கும் இது பொருந்த வேண்டும், இடம் மாறி வரும் கடைக்கும் பொருந்த வேண்டும்.

பூரண மதுவிலக்கு வேண்டுமா என்று நம்மைக் கேட்காதீர்கள். அதில் நமக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. 2003ஆம் ஆண்டு விதிகளில் ஒரு திருத்தம், அவ்வளவே. இதை மறுக்கும் நண்பர்கள் தாராளமாக எழுதலாம். அதியமானை மட்டும் இம்முறை விட்டுவிடுங்கள்.