இருநூறு பேரிடம் கேட்டால் அது 'தலித் வாக்கு' ஆகிவிடுமா?

தேர்தல் நெருங்கினால் போதும், 'தலித் வாக்கு யாருக்கு?' என்று தொலைக்காட்சிகளில் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். நாமும் அதை எடுத்துப் பகிர்கிறோம். பகிர்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டால் அதில் நம் மக்கள் ஏறக்குறைய 200 பேர். ஆயிரம் பேருக்கு 3 விழுக்காடு முன்பின்னாக வரும் பிழை, 200 பேருக்கு 7 விழுக்காடாகிறது. 40 என்று அவர்கள் சொன்னால் அது 33ஆகவும் இருக்கலாம், 47ஆகவும் இருக்கலாம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பிரித்தால் பிழை இன்னும் பெருகும்.

அதுவும் சேரிக்குள் வந்து கேட்டிருந்தால்தான். ஊர்த்தெரு டீக்கடையோடு திரும்பிப் போகிறவருக்கு நம் குரல் எப்படிக் கேட்கும்? பக்கத்தில் நிலக்காரர் நின்றால் கூலிக்குப் போகிறவர் மனதில் இருப்பதைச் சொல்வாரா?

2016 சட்டமன்றத் தேர்தலில் திமுக ஆட்சி என்று பல கணிப்புகள் சொல்லின, வென்றது அதிமுக. அந்தத் தவறு ஒரே நாளில் வெளிப்பட்டுவிட்டது. ஆனால் கேட்கப்படாத கேள்விகள் வெளியே தெரிவதேயில்லை. பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, மலக்குழி மரணம் பற்றிக் கேட்காவிட்டால் அவற்றுக்கு எண் கிடையாது. எண் இல்லாத கோரிக்கையைக் கட்சிகள் எளிதாகத் தள்ளிவிடுகின்றன.

தோழர்களே, எத்தனை பேரிடம், எந்தத் தெருவில், யார் கேட்டது? இதற்குப் பதில் இல்லாத கணிப்பைப் பகிராதீர்கள். நம் சேரியின் கணக்கை நாமே எடுப்போம்.