விளையாட்டுப் பயணங்களில் பயிற்றுநரின் கடமை எப்போது முடிவடைகிறது?

வெளியூர்ப் போட்டிகளுக்கு மாணவர் அணியொன்றை அழைத்துச் செல்லும் பயிற்றுநர், போட்டி முடிந்த இரவில் மது அருந்தலாமா என்ற கேள்வி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுத்துறையில் நீண்டகாலமாகவே எழுப்பப்பட்டு வருகின்றது. அணி வென்றால் கொண்டாட்டம், தோற்றால் ஆறுதல் என இரண்டுக்குமே மதுவைத் துணைக்கழைக்கும் ஒரு சமூகத்தில் இதனை அற்ப விடயமாகக் கருதுவோர் உள்ளனர். ஆனால் பெற்றோர் நம்பி அனுப்பிவைத்த பிள்ளைகளின் பாதுகாப்புடன் தொடர்புடைய இவ்விடயத்தை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது.

2003 ஆம் ஆண்டு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணமாகும். அதன் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவிருந்த லெறி யூஸ்டாச்சி சாதாரணமானவரல்லர். 2000 ஆம் ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தினால் ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தெரிவுசெய்யப்பட்டவர். 2003 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் நடைபெற்ற போட்டியில் அவரது அணி தோல்வியுற்றதன் பின்னர், அங்குள்ள மாணவர்களின் விருந்தொன்றில் அவர் பியருடனும் இளம் பெண்களுடனும் காணப்பட்ட புகைப்படங்களை ஏப்ரல் மாத இறுதியில் டி மொய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகை வெளியிட்டது. தாம் மதுப்பழக்கத்துக்கு அடிமையாகியிருப்பதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்ட அவர், மே மாத ஆரம்பத்தில் பதவி விலக நேர்ந்தது.

அமெரிக்காவில் மதுபானம் வாங்குவதற்கான ஆகக் குறைந்த வயது 21 ஆகும். அதனை நடைமுறைப்படுத்தாத மாநிலங்களுக்குரிய பெருந்தெரு நிதியில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் சட்டம் 1984 இல் கொண்டுவரப்பட்டது. கல்லூரி அணியொன்றில் 18 வயது மாணவனும் 22 வயது மாணவனும் ஒரே பஸ்ஸில் பயணித்து ஒரே ஹோட்டலில் தங்குகின்றனர். ஒருவருக்குச் சட்டம் அனுமதிப்பதை மற்றவருக்குத் தடுக்கின்றது. அந்த எல்லைக்கோட்டைக் காக்க வேண்டியவர் பயிற்றுநரே. கையில் மதுக்குவளையுடன் நிற்பவர் அதனைக் காப்பது எவ்வாறு?

நிறுவனங்களின் நிலைப்பாடும் தெளிவாக இருந்ததில்லை. பயிற்சியின்போதும் போட்டியின்போதும் வீரர்கள் மட்டுமன்றிப் பயிற்றுநர்களும் புகையிலை பாவிப்பதைத் தடைசெய்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், 2018 இல் தனது தேசிய மட்டப் போட்டிகளின்போது பார்வையாளர்களுக்கு மதுபானம் விற்பதற்குப் பரவலாக இடமளித்தது. பயணங்களின்போது பயிற்றுநர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரிகளே தீர்மானிக்கின்றன. ஒரு கல்லூரியில் தண்டனைக்குரியதாகக் கருதப்படுவது இன்னொன்றில் கண்டும் காணாமல் விடப்படுகின்றது.

பயிற்றுநர்களின் பக்கத்திலும் நியாயங்கள் உண்டு. அவர்கள் வயது வந்தவர்கள். மது அருந்துவது அவர்களுக்குச் சட்டவிரோதமானதல்ல. வாரக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து பயணிப்பவர், வீரர்கள் உறங்கச் சென்ற பின்னர் இராப்போசனத்துடன் ஒரு குவளை அருந்துவதனால் யாருக்கு என்ன தீங்கு என அவர்கள் கேட்கின்றனர். பெரியவர் ஒருவர் அளவோடு அருந்துவதைக் காண்பதும் மாணவர்களுக்கு ஒரு பாடந்தானே என வாதிடுவோரும் உள்ளனர்.

இவ்வாதங்கள் ஓர் அடிப்படை உண்மையைத் தவறவிடுகின்றன. மது நல்லதா கெட்டதா என்பதல்ல இங்குள்ள பிரச்சினை. பயணத்திலிருக்கும் பயிற்றுநரின் கடமை எப்போது முடிவடைகின்றது என்பதே பிரச்சினையாகும். உள்ளூரில் பயிற்சி முடிந்ததும் மாணவர் தம் இருப்பிடம் செல்கின்றனர். பயிற்றுநரும் வீடு திரும்புகின்றார். வெளியூரிலோ மாணவருக்கு அவரை விட்டால் வேறெவருமில்லை. நள்ளிரவில் ஒரு வீரனுக்குக் கடும் காய்ச்சல் ஏற்படலாம். வீராங்கனையொருவரின் அறைக் கதவை அந்நியன் ஒருவன் தட்டலாம். வைத்தியசாலையில் சிகிச்சைக்குச் சம்மதமளிக்க, பொலிஸாருடன் பேச, பெற்றோருக்கு அறிவிக்க நிதானமான ஒருவர் தேவை. சிறிய கல்லூரிகளில் வாகனத்தின் சாரதியும் பயிற்றுநரே என்பதையும் மறந்துவிடலாகாது.

இன்னொரு விடயமும் கவனத்திற்குரியது. யார் களமிறங்குவது என்பதைத் தீர்மானிப்பவரும், புலமைப்பரிசில் தொடர்வதில் செல்வாக்குச் செலுத்துபவரும் பயிற்றுநரே. அத்தகையவர் நீட்டும் குவளையை மறுப்பது மாணவனுக்கு எளிதன்று. முஸ்லிம் மாணவர்களும் மதுவை விலக்கும் கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தோரும் அமெரிக்க அணிகளில் விளையாடுகின்றனர். அணியின் ஒற்றுமை மதுக்குவளையைச் சுற்றியே அமையுமானால், அவர்கள் தம் நம்பிக்கையையோ தோழர்களையோ விட்டு விலக வேண்டிய நிலை உருவாகும்.

விதி கடுமையாக இருப்பது பயிற்றுநருக்கும் நன்மையே. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராகவிருந்த ஸ்டீவ் சார்கிசியன், 2015 ஓகஸ்ட் மாதம் வீரர்களும் ஆதரவாளர்களும் கூடியிருந்த வைபவமொன்றில் நிதானமிழந்து பேசினார். மதுவுடன் மருந்தும் கலந்ததே காரணமென விளக்கமளித்த அவர், அதே ஆண்டு ஒக்டோபரில் பதவி நீக்கப்பட்டார். சிகிச்சை பெற்று மீண்ட அவர் 2021 முதல் டெக்ஸாஸ் பல்கலைக்கழக அணியை வழிநடத்தத் தொடங்கினார். மதுவுக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பதையும், அதிலிருந்து மீள முடியும் என்பதையும் இது உணர்த்துகின்றது. தண்டனை மட்டுமே தீர்வாகாது. ஆயினும் தெளிவான விதியொன்று இருக்குமாயின், நோய் முற்றி அவமானத்தில் முடிவதற்கு முன்னரே அது வெளிப்பட வாய்ப்புண்டு.

எனவே, அணி புறப்படும் வேளையிலிருந்து கடைசி மாணவன் திரும்பிச் சேரும் வரை, அதனுடன் செல்லும் எந்தப் பொறுப்பாளரும் மது அருந்தலாகாது என்பதே பொருத்தமான விதியாகும். அளவோடு அருந்தலாம் என்ற விதியைக் கண்காணிப்பது இயலாத காரியம். எது அளவு என்பதை அருந்துபவரே தீர்மானிப்பார். இவ்விதி எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோருக்கும் மாணவருக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். முறையிடும் மாணவர் அணியில் தம் இடத்தை இழக்காதிருக்க, முறைப்பாட்டை விசாரிப்பவர் பயிற்றுநருக்குக் கட்டுப்படாதவராக இருத்தல் அவசியம்.

இலங்கையிலும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பிள்ளைகள் நீண்ட தூரம் பயணித்துத் தேசிய மட்டப் போட்டிகளில் பங்குபற்றுகின்றனர். அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடும் பெற்றோர், பதக்கத்தை மட்டும் எதிர்பார்த்து வழியனுப்புவதில்லை. எனவே, அணியுடன் செல்லும் ஒவ்வொருவரிடமிருந்தும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுச் சங்கங்களும் இவ்வுறுதியை எழுத்தில் பெறுதல் வேண்டும். அதற்கு அனர்த்தமொன்று நிகழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.