முதலில் தூசிக்கு ஒரு வழி, பிறகு மெஷின்

ஓய்வு பெற்ற பிறகு மரவேலையில் இறங்கும் நண்பர்கள் பெருகிவிட்டார்கள். கார் ஷெட்டோ, மொட்டை மாடி அறையோ ஏதோ ஒன்று பட்டறையாகிவிடுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால், "சார், டேபிள் சா எது வாங்கலாம்? ரூட்டர் எது நல்லது?" என்று கேட்பார்கள். "தூளுக்கு என்ன ஏற்பாடு?" என்று திருப்பிக் கேட்டால், "அதுக்கென்ன சார், பெருக்கித் தள்ளிட்டாப் போச்சு" என்று சிரிப்பார்கள்.

என் கட்சி இதுதான். மின்சார மெஷின் வைத்து மரவேலை செய்வதானால், முதல் செலவு தூசி உறிஞ்சும் ஏற்பாட்டுக்கே. கையில் பணம் குறைவு என்றால் அறுக்கும் மெஷினைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். "அந்தக் காலத்து ஆசாரிகள் எந்த மெஷினை வைத்துக்கொண்டு தூசியை உறிஞ்சினார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் இழைப்புளி தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் விழும். கை ரம்பத்தால் அறுத்தால் குருணை மாதிரி தூள் காலடியிலேயே விழும். வேலையும் பெரும்பாலும் திண்ணையில், அல்லது வேப்பமர நிழலில். நாம் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும் ரூட்டரையும், சாண்டரையும், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறோம். அவர்கள் மரத்தைச் சீவினார்கள், நாம் மாவாக்குகிறோம்.

அந்த மாவில்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் விழுந்துவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் குறைந்த பொடி கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நுரையீரலுக்குள் இறங்குவது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகை இருப்பதும் அதே பிரிவில்தான். இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. ஆதாரம் உறுதியாக இருக்கிறது என்பதுதான் பொருள். பல வருடம் தூளிலேயே வேலை செய்தவர்களுக்கு மூக்கிலும் அதையொட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது. நம் வயதுக்கு அதைவிடப் பக்கத்தில் நிற்பது இளைப்பும் ஓயாத இருமலும். தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தும்மலையும் தோல் அரிப்பையும் கொடுக்கும். எம்.டி.எஃப். பலகையின் தூளில் பசையும் சேர்ந்தே வருகிறது.

சரி, எதை வாங்குவது? கடையில் வாட்ஸ் கணக்கைச் சொல்லி விற்பார்கள். அது மெஷின் குடிக்கும் மின்சாரத்தின் அளவு. இழுக்கும் காற்றின் அளவு அல்ல. இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, டிரம் வைத்த வேக்குவம் கிளீனர். குறைந்த காற்றை மெல்லிய குழாயில் பலமாக இழுக்கும். சாண்டர், கையில் பிடிக்கும் ரம்பம், ரூட்டர் இவற்றுக்கு அது சரி. இன்னொன்று, பெரிய விசிறியும் பையும் கொண்ட டஸ்ட் கலெக்டர். நிறையக் காற்றை 4 அங்குலக் குழாயில் மெதுவான இழுப்பில் எடுக்கும். டேபிள் சா, பிளேனர் போன்றவற்றுக்கு இதுதான் வேண்டும். 4 அங்குலக் குழாயில் தூள் தேங்காமல் ஓட நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி காற்று தேவை. வேக்குவம் கிளீனரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அதேபோல, கலெக்டரின் வாயை இரண்டரை அங்குலத்துக்குக் குறுக்கினால் குழாயின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். வாங்கிய மெஷினும் வீண்.

அடுத்தது வடிகட்டி. மலிவான கலெக்டர்களில் வரும் துணிப்பை 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும். பெரிய தூளைப் பையில் போட்டுவிட்டு, ஆபத்தான பொடியை அறை முழுக்க ஊதும். அது தூசி பிடிக்கும் மெஷின் இல்லை, தூசி இறைக்கும் மெஷின். அறைக்குள் வைப்பதானால் 1 மைக்ரான் வடிகட்டிக்குக் குறைந்து வாங்காதீர்கள். வேக்குவம் கிளீனரானால் ஹெபா வடிகட்டி.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே குளிர். சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராமல், வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கலெக்டரைச் சுவருக்கு வெளியே, மழை படாத தகரக் கூரையின் கீழ் வைத்து, சுவரில் துளையிட்டுக் குழாயை உள்ளே கொண்டுவந்தால் சத்தமும் பொடியும் வெளியே. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயும் பக்கம் மட்டும் வேண்டாம்.

சிக்கனமாகச் செய்யவும் வழி இருக்கிறது. காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மூடியில் ஒரு சைக்ளோன் கூம்பைப் பொருத்தி வேக்குவத்துக்கு முன்னால் வைத்தால், பெரும்பகுதித் தூள் வாளியிலேயே தங்கிவிடும். வடிகட்டி அடைக்காது. மெஷினின் வாயும் குழாயின் வாயும் பொருந்தாத இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு கைகொடுக்கும். குழாய் நீளம் குறைவாகவும் வளைவு குறைவாகவும் இருக்கட்டும். ரம்பத்தையும் கலெக்டரையும் ஒரே பிளக்கில் ஒரே நொடியில் போடாதீர்கள். பழைய வீட்டு வயரிங் தாங்காது.

எந்த மெஷினும் முழுதாகப் பிடிக்காது. ஆகவே என்95 முகக்கவசமும் வேண்டும். மெஷினை நிறுத்தியதும் அதைக் கழற்றிவிடாதீர்கள். பொடி இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கும். சீலிங் ஃபேனும் துடைப்பமும் அடங்கிய பொடியை மறுபடி எழுப்பிவிடும். ஈரத்துணியால் துடைப்பதே மேல்.

நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். சாண்டர் ஓட்டி அரை மணி கழித்து, விளக்கை அணைத்து, டார்ச்சைக் குறுக்கே அடித்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் மிதப்பதைத்தான் "தாத்தா என்ன செய்யறீங்க?" என்று ஓடிவரும் பேரனும் சுவாசிக்கிறான். நாமாவது ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தோம். அந்தப் பிள்ளைக்கு எதற்கு அது?