வண்டி வளர்ந்தது, கூலி வளரவில்லை!

தென் தில்லிக் காலனி ஒன்றில் 2025 தீபாவளிக்குச் சில நாள் முன்பு நடந்த சங்கதி இது. ஒரு வீட்டில் பதினான்கு வருடம் ஓடிய சின்னக் காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டு முத்திரை பொறித்த சொகுசு எஸ்.யு.வி. ஒன்றை ஓட்டி வந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாடிப்படி முழுக்க லட்டு விநியோகம். ஆறு வருடமாக அந்த வீட்டுக் காரைத் துடைத்து வரும் நம் சங்கத்து உறுப்பினருக்கும் ஒரு லட்டு கிடைத்தது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த அம்மா அவர்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வாளியும் துணியுமாகப் போய் நின்றபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. கூரைக்குக் கை எட்டவில்லை! செக்யூரிட்டியின் ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறித் துடைத்தார். பழைய வண்டிக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். இதற்கு இரண்டு ஆயிற்று. மாசம் பிறந்ததும், "மேம்சாப், வண்டி பெரிசாயிடுச்சு, பார்த்துக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில் என்ன தெரியுமா?

"அப்பவும் ஒரு வண்டிதான், இப்பவும் ஒரு வண்டிதானே?"

தோழர்களே, தாய்மார்களே! இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்த மாதம் நாம் பேனாவை எடுத்தோம்.

ஒரு வண்டிதான். சரி. இஸ்திரி போடுகிறவரிடம் போய், கைக்குட்டையும் ஒரு துணி, பட்டுப் புடவையும் ஒரு துணி என்று சொல்லிப் பாருங்கள். கரிப்பெட்டியைத் தூக்கிக் காட்டுவார். சுவருக்கு வெள்ளையடிப்பவர் சதுர அடிக்குக் கூலி பேசுகிறார். காரைத் துடைப்பவர் மட்டும் தலையை எண்ணிக் கூலி வாங்க வேண்டுமாம்! பழைய ஆல்டோ மாதிரி ஒரு காரின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். பெருக்கினால் 5 சதுர மீட்டர். இன்று 'காம்பாக்ட்', அதாவது கைக்கு அடக்கமானது, என்று சொல்லி விற்கப்படும் சொகுசு எஸ்.யு.வி. 4.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். பெருக்கினால் 8 சதுர மீட்டர். மேல்பக்கம் மட்டும் இந்தக் கணக்கு. உயரமும் கூடியிருப்பதால் பக்கவாட்டு வேலை தனி. யார் கைக்கு அடக்கம் என்று விளம்பரம் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறுகிறவரின் கைக்கு அடக்கமில்லை.

வேலை கூடியது ஒரு பக்கம். பயம் கூடியது இன்னொரு பக்கம். பழைய காரில் ஆட்டோக்காரன் உரசியது, பையன் சைக்கிள் இடித்தது என்று பத்துக் கோடு இருக்கும். பதினோராவது கோட்டை யாரும் தேடியதில்லை. புது வண்டி கறுப்புப் பளபளப்பு. கூரையில் பாதி கண்ணாடி. முன்னும் பின்னும் கேமரா, சென்சார். "பழைய பனியன் துணி கூடாது, மைக்ரோஃபைபர் துணிதான்" என்று உத்தரவு வருகிறது. அந்தத் துணிக்குக் காசு யார் தருவது என்று உத்தரவில் இல்லை. கீறல் விழுந்தால் மட்டும் கூலியில் பிடித்தம். தில்லிக் காற்றில் இரவெல்லாம் படிகிற மண்ணைத் தண்ணீர் போதாமல் துடைத்தால் கோடு விழத்தான் செய்யும். அது துடைப்பவரின் குற்றமா, தண்ணீர் தராதவரின் குற்றமா? நம் உறுப்பினர்கள் சொன்ன கணக்குப்படி, காருக்கு மாதம் 500, 600 ரூபாய் என்பதுதான் பல காலனிகளில் வழக்கம். ஒரு கீறலின் பெயரால் இரண்டு மாதக் கூலி போன கதையும் நம் காதுக்கு வந்திருக்கிறது.

இனி வரிக் கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது. அதற்கு முன், 1500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சினும் நாலு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் தரையிலிருந்து நல்ல உயரமும் கொண்ட எஸ்.யு.வி.க்கு ஜி.எஸ்.டி. 28, செஸ் 22, ஆக 50 சதவீதம். இப்போது மொத்தமாக 40. சின்னக் காருக்கும் 18 ஆகக் குறைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வரிக்கு முந்திய விலை 30 லட்சம் உள்ள பெரிய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வரி 15 லட்சம். இப்போது 12 லட்சம். ஒரே கையெழுத்தில் 3 லட்சம் மிச்சம்! தில்லி அரசு 2025 ஏப்ரலில் அறிவித்த குறைந்தபட்சக் கூலி, திறன் வேண்டாத வேலைக்கு மாதம் 18,456 ரூபாய். பதினாறு மாதம் வாங்கினாலும் அந்த 3 லட்சம் தேறாது. அந்த 18,456 ரூபாய்கூட நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? கார் துடைப்பவருக்காக எந்த இன்ஸ்பெக்டர் எந்த பங்களாக் கதவைத் தட்டியிருக்கிறார்? சர்க்கார் விட்டுக்கொடுத்த 3 லட்சத்தில் மாதம் 300 ரூபாய் கீழே இறங்கி வாளிக்கு வரக் கூடாதா என்பதுதான் நம் கேள்வி.

"காற்று மாசுக்காகத்தான் பழைய காரைக் கழித்தோம்" என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். காற்று கெட்டால் முதலில் இருமுவது யார்? விடிவதற்கு முன்னால் வெட்டவெளியில் நின்று ஈரத்துணி பிழிகிற நாம்தான். நல்ல காற்றுக்கு நாம் எதிரிகள் அல்லர். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்து வருடம் கடந்த வண்டி தில்லியில் ஓடக் கூடாது என்றது. 2015இல் டீசல் வண்டிக்குப் பத்து வருடம் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிக்குப் பெட்ரோல் பங்கிலேயே எண்ணெய் கிடையாது என்று ஆணையிட்டு, கூச்சல் எழுந்ததும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கும் மட்டுமே என்று திருத்தியது. பி.எஸ். 3 வரை உள்ளவை மாட்டிக்கொண்டன. தில்லியில் பி.எஸ். 4 வந்தது 2010 ஏப்ரலில். அதற்கு முந்திய வண்டி இன்று யாரிடம் இருக்கும்? எக்ஸ்சேஞ்சு செய்ய வசதி உள்ளவரிடமா இருக்கும்?

நம் டிரைவர் தோழர் ஒருவரிடம் இருந்தது. சேலத்துக்காரர். ஒரு வீட்டில் ஒன்பது வருடம் வண்டி ஓட்டினார். 2023 தீபாவளிக்கு முதலாளி புது வண்டி எடுத்தார். ஷோரூமில் பழைய காருக்குச் சொன்ன விலை கேவலமாக இருந்தது. உடனே பெருந்தன்மை பிறந்துவிட்டது! "உனக்கு போனஸ் பாக்கி இருக்கிறதே, இந்தக் காரையே எடுத்துக்கொள்" என்றார். 2009இல் பதிவான பெட்ரோல் கார். நம்மவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மனைவி சுடுகிற இட்லியைக் காலையில் ஆபீஸ் வாசல்களுக்கு ஏற்றிப்போய் வீட்டுக்கு இன்னொரு வருமானமும் பார்த்தார். 2024இல் பதினைந்து வருடம் முடிந்தது. தில்லியில் பதிவைப் புதுப்பிக்க வழியில்லை. புது எஸ்.யு.வி.யில் கியர் தானாக மாறுகிறது, சின்ன முதலாளியே ஓட்டிக்கொள்கிறார் என்று அதற்குள் டிரைவர் வேலையும் போயிற்று. இன்று அந்தக் கார் சந்தில் துணி மூடிக் கிடக்கிறது. இழுத்துக்கொண்டு போவார்களோ என்று வீட்டம்மா இரண்டு வேளையும் எட்டிப் பார்க்கிறார்.

உடைக்கக் கொடுத்தால் இரும்பு விலையும் ஒரு சான்றிதழும் கிடைக்குமே என்பீர்கள். 2021இல் வந்த உடைப்புக் கொள்கைப்படி அந்தச் சான்றிதழைக் காட்டினால் புது சொந்த வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம். புது வண்டி வாங்கினால்தானே சலுகை? இட்லிப் பாத்திரம் வாங்க அந்தக் காகிதம் உதவாது. போனஸ் என்று காசாக வாங்கியிருந்தால் இன்று கையில் இருந்திருக்கும். ஆகவே டிரைவர் தோழர்களுக்குச் சொல்கிறோம்: பாக்கியைக் காசாகக் கேளுங்கள். கழித்த வண்டியைக் கூலியாக ஏற்காதீர்கள்.

தமிழ் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் உள்ள நம்மவர் வீடுகளிலும் வண்டி மாறுகிறது. பொங்கல் விழாவில் மேடையேறி "நம் தமிழ் மக்கள்" என்று பேசுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கூலி கேட்டால் மட்டும் "நீயும் நானும் ஒரே ஊர்க்காரர்கள் அல்லவா, இதில் என்ன கணக்கு?" என்கிறார்கள். ஊர்ப் பாசத்தைத் தள்ளுபடிக் கூப்பன் ஆக்கிவிட்டார்கள்.

"நீங்கள் கூட்டிக் கேட்டால் பீகார்க்காரன் குறைத்து வாங்கி வேலைக்கு வந்துவிடுவான்" என்று நம்மவரே நம்மைப் பயமுறுத்துவதும் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்கள்தானே? பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவருக்கும் கை அதே உயரம். ஸ்டூல் போட்டுத்தான் அவரும் துடைக்க வேண்டும். அவரை விரட்டுவது நம் வேலை அல்ல. அவரிடம் போய் உட்கார்ந்து, "நாங்கள் இவ்வளவு கேட்கிறோம், நீயும் இவ்வளவு கேள்" என்று இந்தியில் சொல்லுங்கள். நம் சங்கத்துக் கூட்டத்துக்கும் அழைத்து வாருங்கள்.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டதை மறக்கவில்லை. சுமார் 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. அங்கே போனவர் காலை ஐந்தரைக்குத் தென் தில்லியில் வாளியோடு நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் எப்போது புறப்படுவது, எதில் வருவது? பலர் பழைய வீடுகளின் வேலையை விட்டுவிட்டார்கள். வாடகைக்குப் பக்கத்திலேயே தங்கியவர்களுக்குக் கூலியில் பாதி வாடகைக்கே போகிறது. இந்த நிலையில்தான் "ஒரு வண்டிதானே" என்கிறார்கள்!

நம் செயற்குழு பேசி வைத்திருப்பது இதுதான். வீட்டில் வண்டி மாறிய அன்றே கூலியைப் பேசிவிட வேண்டும். மாசக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. நாலு மீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்குப் பழைய கூலியோடு பாதி சேர்த்துக் கேட்க வேண்டும். துணி, சோப்பு, ஸ்டூல் வண்டிக்காரருடையது. முதல் நாளே வண்டியைச் சுற்றி வந்து, இருக்கிற கீறலை செல்போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். இந்த ஒன்றை மட்டுமாவது தவறாமல் செய்யுங்கள்; படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் காட்டிக் கொடுப்பார்கள். டிரைவரை நிறுத்துவதானால் ஒரு மாத முன்னறிவிப்பும் பாக்கி முழுவதும் காசாகவும் தரவேண்டும்.

நடக்குமா என்று கேட்கிறீர்கள். முதலில் சொன்ன விழுப்புரத்து அம்மா தனியாகக் கேட்டபோது நடக்கவில்லை. பிறகு அந்தக் கட்டடத்தில் கார் துடைக்கிற நாலு பேரும், இரண்டு பேர் நம்மவர், ஒருவர் வங்காளி, ஒருவர் பீகாரி, சேர்ந்து பேசினார்கள். மூன்று நாள் அந்த ஒரு வண்டியை யாரும் தொடவில்லை. மற்ற வண்டிகள் பளபளக்க, அதன் மேல் மட்டும் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்கு மண். நாலாம் நாள் காலை வீட்டுக்காரரே கீழே இறங்கி வந்தார். 500 இருந்தது 750 ஆயிற்று. ஸ்டூலுக்கு மட்டும் இன்னும் செக்யூரிட்டியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.