படத்தில் கண்ட புள்ளிகள்

சென்ற திங்கள் நம் சங்க நூல்நிலையத்தில் ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் பெரிய உறையொன்றுடன் வந்தார். முகம் வாடியிருந்தது. உறையில் இருந்தது அவர் தந்தையாரின் மார்பு எக்ஸ்ரே படம். இரு நுரையீரல்களிலும் சிறு சிறு புள்ளிகள் சிதறிக் கிடப்பதாகக் குறிப்பு கூறிற்று.

"காசநோய்தான், ஐயா. குழந்தைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அப்பாவுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக்கிவிட்டோம்" என்றார்.

"மருத்துவர் அவ்வாறு சொன்னாரா?" என்று வினவினோம்.

"இன்னும் சொல்லவில்லை. நாங்களே தெரிந்துகொண்டோம்."

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதி வருகிறோம். எனினும் அத்தொழில் நமக்கு ஒன்று கற்பித்துள்ளது. சீட்டுக் கிழிந்த மூட்டையை எத்துணை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது எந்த நிலையத்தில் ஏற்றப்பட்டது என்று கூற இயலாது. நுரையீரற் புள்ளிகளும் அத்தகையனவே.

நம் நாட்டில் காசநோயை முதலில் ஐயுறுவது முறையே. அக்கிருமி இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவும்போது, 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகள் நுரையீரல் முழுதும் தோன்றும். தினையை இறைத்தாற்போல் இருப்பதால், 1700-ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகில் அதற்குத் தினையின் பெயரே வழங்கி வருகிறது. அந்நோய்க்கு மருந்து தொடங்கக் காலந் தாழ்த்தலாகாது. மூளையின் உறையையும் அது பற்றக்கூடும்.

ஆனால் காரணம் அஃதொன்றே அன்று. யானைக்கால் நோய்ப் புழுவினால் சிலருக்கு இரவில் இருமலும் இழுப்பும் உண்டாகி, இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் பெருகி, படத்திலும் புள்ளிகள் தோன்றும். உரிய மாத்திரையை மூன்று வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர் நலமடைவர். வளர்ந்தபின் சின்னம்மை கண்டு அது நுரையீரலையும் தாக்கியிருந்தால், ஆறிய தழும்புகள் சுண்ணாம்பு படிந்து பல்லாண்டு நிற்கும், அவற்றால் தீங்கில்லை. பிற உறுப்பில் தோன்றிய புற்றுநோய் பரவினாலும் புள்ளிகள் காணும். கல்தூசியைச் சுவாசித்தோர்க்கு வரும் சிலிக்கோசிஸிலும் காணும்.

"தந்தையார் செய்த தொழில் யாது?" என்றோம்.

"ஓய்வில் இருக்கிறார் என்று எழுதிக்கொடுத்தோம்."

"அதற்கு முன்?"

அன்பர் சற்றுத் தயங்கினார். "கோலார் தங்கவயல். சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை. அதையெல்லாம் இங்கே சொல்வானேன் என்று விட்டுவிட்டோம்."

தங்கவயலில் உழைத்தோருள் தமிழர் மிகப் பலர். 1940-களில் அங்கே தொழிலாளரைப் பரிசோதித்தபோது 100-க்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. ஆனால் உள்ளே சென்ற தூசி, வேலையை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னும் நோயாக வெளிப்படக்கூடும். அந்நோயுடையாரைக் காசநோயும் எளிதில் பற்றும். ஆதலின் இரண்டையும் ஆராய்ந்தாக வேண்டும்.

மறுநாள் மருத்துவரிடம் யாவும் கூறப்பட்டன. சளியும் இரத்தமும் சோதிக்கப்பட்டன; சி.டி. படமும் எடுக்கப்பட்டது. காசநோய் இல்லை, கல்தூசியின் தழும்பே என முடிவாயிற்று. அத்தழும்பை அகற்ற மருந்தில்லை. புகை கூடாது, இருமலோ காய்ச்சலோ எடையிழப்போ கண்டால் உடனே சோதிக்க வேண்டும். குழந்தைகள் வீடு திரும்பினர்.

ஒருகால் காசநோயாகவே இருந்திருப்பினும், அது இருமும்போது காற்றின் வழியே பரவுவதன்றித் தட்டினாலும் தம்ளராலும் பரவுவதன்று. அதற்குரிய மருந்து அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஊர்விட்டு ஊர் மாறும் நம் குடும்பங்கள் இரண்டு செய்ய வேண்டும். பழைய மார்புப் படங்களை எறியாமல் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். புள்ளி பழையதா புதியதா என்பதை ஒப்பிட்டே அறிய முடியும். பிறந்த ஊர், செய்த வேலைகள், வீட்டில் எவர்க்கேனும் இருந்த நோய் ஆகியவற்றை மருத்துவரிடம் ஒளிக்காமல் கூற வேண்டும். உழைத்துப் பிழைத்ததில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரியவரைச் சென்ற ஞாயிறன்று கண்டோம். "பெரியப்பா, முன்பே சொல்லியிருக்கலாமே" என்றோம். அவர் சிரித்தார். "என்னை யார் தம்பி கேட்டார்கள்?" என்றார்.